பாதிக் குரல்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் பொய் சொல்கிறாள் என்பது உலகம்மாளுக்கு முதல் ‘ஐயோ’விலேயே தெரிந்துவிட்டது. ஜெபராணி என்று பெயர். முப்பது வயதிருக்கும். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா, காதில் ஹெட்போன், மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடம். எல்லாம் சரியாகத்தான் நிற்கிறாள், குரல்தான் பொய். படத்தில் ஒருத்தி தெருமுனையில் நிற்கிறாள், எதிரே வருகிற புருஷனின் பைக்கை லாரி அடிக்கிறது, நடிகை வாயைத் திறக்கிறாள். அந்த வாய்க்குள் ஜெபராணி தன் கத்தலை வைக்க வேண்டும். இன்றைக்கு வேலை அவ்வளவுதான். அதற்கு முன்னால் லெவல் பார்க்க வேண்டும். மைக்கிலிருந்து வருகிற குரலை எவ்வளவு பெரிதாக்கி மெஷினுக்குள் அனுப்புவது என்று முடிவு செய்து, கெயின் என்கிற அந்தத் திருகை ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். “ஒரு தடவ கத்திக் காட்டுங்கம்மா, லெவல் பாத்துக்கறேன்” என்று உலகம்மாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவதற்கான டாக்பேக் பொத்தானை அழுத்திக் கேட்டாள். ஜெபராணி கத்திக் காட்டினாள். மீட்டரில் பச்சை விளக்குகள் பாதி உயரம் ஏறி நின்றுவிட்டன. அடுப்பில் பால் பொங்கினால் கத்துகிற கத்தல் அது. கண்ணெதிரே புருஷன் மேல் லாரி ஏறுவதைப் பார்த்தவள் எவளும் இப்படிக் கத்தமாட்டாள். “டேக்லயும் இவ்வளவுதான் குடுப்பீங்களா?” “ஆமாக்கா, இவ்வளவுதான்.” பொய். பச்சைப் பொய். உலகம்மாளே பன்னிரண்டு வருஷம் இப்படி மைக் முன்னால் நின்று இதே பொய்யைச் சொன்னவள். டெஸ்ட்டுக்குப் பாதிக் குரல், டேக்குக்கு முழுக் குரல். கத்திப் பிழைக்கிற பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிற முதல் பாடம் அதுதான். இருக்கிற தொண்டையை லெவலுக்கே கொட்டிவிட்டால் டேக்குக்கு எங்கே போவது?

“பத்தாதும்மா. ஏத்துங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தாமோதரன் சார். சோபாவில் கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற காது, கண் திறந்து மீட்டரைப் பார்க்கத் தேவையில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் பக்கத்தில் இணை இயக்குநர் கதிரவன், போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு. ஏசி எலும்பில் ஏறுகிறது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, வெளியே சாலிகிராமத்தில் வெயில் கொளுத்துகிறது, இங்கே மார்கழி. உலகம்மாளின் விரல் திருகின் மேல் இருந்தது. ஏற்றவில்லை. “சரி சார்” என்று வாய் சொன்னது, விரல் அசையவில்லை. இதுவும் ஒரு பொய்தான், கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துப் பொய். தாமோதரனின் உதவியாளன் ஹைதராபாத் போகிறான். அவர் நடத்துகிற ஆறுமாத ஒலிப்பதிவு வகுப்பில் ஆறு பேர் படிக்கிறார்கள், ஐந்து பேர் லேப்டாப்பும் தாடியுமாக வருகிற இருபத்திரண்டு வயதுக்காரர்கள், ஆறாவது இவள், முப்பத்தெட்டு வயது. அந்த ஐந்து பேரையும் விட்டுவிட்டு இவளிடம்தான் சொன்னார். “புதன்கிழமை ஒரு ரீல் தர்றேன், தனியாப் பண்ணுங்க. நல்லா வந்துச்சுன்னா திங்கட்கிழமையிலேருந்து இந்த சேர் உங்களுது.” இன்றைக்குப் புதன். இந்த நாற்காலிதான். இப்போது உட்கார்ந்திருக்கிற இதே சுழல் நாற்காலி. இது கிடைக்காவிட்டால் வேறு என்ன தெரியும் அவளுக்கு? கத்தத் தெரியும். கத்த இப்போது தொண்டை இல்லை. கத்தல் போனவளை எந்த டப்பிங் தியேட்டரும் உள்ளே விடாது, தையலும் சமையலும் அரைகுறை, இந்த நாற்காலியைத் தவறவிட்டால் வடபழனியிலிருந்து வண்டியேறித் தென்காசிக்குப் போய்த் தம்பி வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்க வேண்டியதுதான். அது தெரியும். தெரிந்தும் விரல் ஏறமாட்டேன் என்கிறது. ஏன் என்றால் மூன்றாவது வாரம்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை, இதே அறை. கெயின் பாடம். தாமோதரன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பாத்திரத்தில் பால் காய்ச்சினால் விளிம்பு வரைக்கும் ஊற்றுவோமா, பொங்குவதற்கு இடம் விட்டுத்தானே ஊற்றுவோம், குரலும் அப்படித்தான், மேலே இடம் விடுங்கள் என்றார். ஐந்து தாடிகளும் எழுதிக்கொண்டன. டேப் காலத்தில் இரைச்சல் தொல்லை இருந்தது, அதனால் திருகை ஏற்றி வைத்தே பழகிவிட்டோம், இப்போது கம்ப்யூட்டரில் அந்தக் கவலையே இல்லை, தாராளமாக இடம் விடலாம் என்றார். பிறகு, இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட ஒரு சத்தத்தைப் போட்டார். கரகரவென்று, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி, ஒரு பெண்ணின் கத்தல். அந்தச் சத்தத்தை உலகம்மாளுக்குத் தெரியும். அது அவளுடைய குரல் உடைகிற சத்தம். பன்னிரண்டு வருஷம் ஹெட்போனில் அதைப் போட்டுக் காட்டித்தான் சொன்னார்கள், கேளுங்கம்மா, உடையுது பாருங்க, ஒன் மோர். அவளும் கேட்டாள், உடையத்தான் செய்தது, கூசிப்போய் “சாரி சார், சாரி சார்” என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை கத்தினாள். வகுப்பில் தாமோதரன் சொன்னார்: “இத நெறையப் பேரு குரல் உடையறதுன்னு நெனச்சுக்கறாங்க. இல்ல. குரல் நல்லாத்தான் வருது. நாம திருகக் கூட வெச்சுட்டோம், மெஷின் தாங்கல, மேல வெட்டிருச்சு. வெட்டுனது வெட்டுனதுதான், அப்புறம் சத்தத்தக் கொறச்சாலும் ஒட்டாது. தப்பு மைக் முன்னாடி இல்ல, இந்தப் பக்கம்.” எழுதிக்கொண்டிருந்த பேனா ‘இந்தப் பக்கம்’ என்கிற இடத்தில் நின்றுவிட்டது. இந்தப் பக்கமா? எந்தப் பக்கம்? திரையில் அந்தக் கத்தலின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார், அலையின் தலைகள் எல்லாம் ஒரே உயரத்தில் மழுங்க வெட்டுப்பட்டுத் தட்டையாக இருந்தன. அழகாக இருக்கிறது என்றான் ஒரு தாடி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். “சார், டெஸ்ட்டுக்கு மெதுவாக் கத்திட்டு டேக்ல திடீர்னு ஓங்கிக் கத்துனா?” தாமோதரன் சிரித்துக்கொண்டே, “அதுக்குத்தான் ஒன் மோர் இருக்கே” என்றார். அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு ஞாபகமில்லை.

ஒன் மோர். எத்தனை ஒன் மோர்! அவளுக்கு இந்த வட்டாரத்தில் ‘பிரசவம் உலகா’ என்றுதான் பெயர். எந்தப் படத்தில் எவளுக்கு இடுப்புவலி எடுத்தாலும் உலகாவைக் கூப்பிடு என்பார்கள். அறுபது, எழுபது பிள்ளை பெற்றிருப்பாள் இந்த மைக்குகளுக்கு முன்னால். சொந்தமாகப் பெற்ற ஒன்றே ஒன்று அறுவை சிகிச்சையில் வந்தது, அதற்கு ஒரு முனகல்கூட முனகவில்லை. பிரசவம் இல்லாத நாட்களில் கிணற்றில் விழுந்தாள், தீயில் எரிந்தாள், பேயாகச் சிரித்தாள், இழவு வீட்டில் மாரடித்தாள். ஒருநாள் காலையில் ஆரம்பித்துப் பதினோரு தடவை ஒரே பிள்ளையைப் பெற்றாள். ஒவ்வொரு தடவையும் உச்சத்துக்குப் போகும்போது, உடைஞ்சிருச்சும்மா, ஒன் மோர். ஆறாவது தடவைக்கு மேல் எச்சிலில் இரும்பு ருசி. ஒன்பதாவதில் கண்ணில் பூச்சி பறந்தது. பதினொன்றாவதை ஓகே செய்தார்கள். அந்தப் பதினொன்றில் எது நல்லது என்று இப்போது யோசித்தால் முதலாவதுதான் நல்லது. முதலாவதில்தான் வலி இருந்தது, மற்றதெல்லாம் வெறும் சத்தம். பதினொன்றாவது ஏன் உடையவில்லை? அதற்குள் தொண்டை ஓய்ந்து சத்தம் தானாகக் குறைந்துவிட்டது, அதனால். அட பாவிகளா. திருகை ஒரு விரல்கடை திருப்பியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு விரல்கடை. அதைச் செய்யச் சோம்பல்பட்டு ஒரு பொம்பளையின் தொண்டையைத் திருகியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே உண்மையிலேயே கூடம் கோணல், அதைக் கட்டிவைத்தவர்கள் ஆடினவளைப் பார்த்துக் கால் சரியில்லை என்றார்கள். அவளும் நம்பினாள், அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம்பி, அதிமதுரம் மென்றாள். நம்பி, பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப்போட்டுப் பால் குடித்தாள். மார்கழியில் வெந்நீர் தவிர எதையும் தொடவில்லை, மகள் பிறந்தநாளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். குரல் உடைகிறதே, குரல் உடைகிறதே என்று ராத்திரியெல்லாம் கவலைப்பட்டாள். உடையாத குரலுக்கு மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, கடைசியில் அது நிஜமாகவே உடைகிற வரைக்கும் கத்தினாள். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரி உங்கள் குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, இனிமேல் கத்தக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒருநாள், டிப்போவுக்குப் பக்கத்தில் மகள் ஏறிவிட்டாள், இவள் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நிறுத்துங்க என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஒரு ஊரே எரிகிற மாதிரிக் கத்தத் தெரிந்தவள், ஒரு பஸ்ஸை நிறுத்த முடியாமல், கையை ஆட்டிக்கொண்டு வெயிலில் ஓடினாள். மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். பிள்ளை அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றது, ஒன்றும் ஆகிவிடவில்லை.

“என்னம்மா, ஏத்திட்டீங்களா?” “பாத்துட்டு இருக்கேன் சார்.” பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணாடி வழியாக. ஜெபராணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள், வாயில் வைத்திருந்து மெதுவாக இறக்கினாள், இவளும் அப்படித்தான் குடிப்பாள். சரி, இவள் ஏன் பொய் சொல்கிறாள்? இவள் முழுக் குரலை டெஸ்ட்டிலேயே கொடுத்திருந்தால் திருகு சரியான இடத்தில் நிற்கும், டேக் உடையாது, ஒரே கத்தலில் வீட்டுக்குப் போகலாம். பாதிக் குரல் கொடுத்து மிச்சம் பிடிக்கிறேன் என்று மிச்சம் பிடித்தவள் நீதானே உலகா? பத்துப் பைசாவை மிச்சம் பிடித்துப் பத்து ரூபாயைத் தொலைத்தவள். அப்படியென்றால் தப்பு உன் பேரிலும்தானே? மூன்றாவது வாரத்திலிருந்து இந்த ஒரு கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது, ராத்திரி புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் குத்துகிறது, அந்தப் பக்கம் திரும்பினால் அங்கேயும் குத்துகிறது. பாதிக் குரல் கொடுத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் பாதி கொடுத்தேன்? டேக்கில் பத்துத் தடவை கேட்பார்கள் என்று பயந்து கொடுத்தேன். ஏன் பத்துத் தடவை கேட்டார்கள்? உடைந்தது என்று கேட்டார்கள். ஏன் உடைந்தது? பாதிக் குரலுக்கு வைத்த திருகில் முழுக் குரல் வந்ததால் உடைந்தது. சரி, இந்த வட்டத்தை யார் அறுத்திருக்க வேண்டும்? எனக்குத் திருகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தெரிவது ஒரு சிவப்பு விளக்கும், ஹெட்போனில் ஒரு குரலும். தெரிந்தவன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஆர்ட்டிஸ்ட் டெஸ்ட்டில் பாதிதான் கொடுப்பாள், அதற்கு இடம் விட்டு வை என்று அவனுக்குத் தெரியும், வகுப்பில் சொல்லக்கூடத் தெரிகிறது. ஊருக்குத்தான் உபதேசம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இல்லை, என் பேரில் பங்கு இருக்கிறதென்றால் இருக்கட்டும், அதற்குத்தான் தொண்டையைக் கொடுத்துவிட்டேனே, அவர்கள் பங்குக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள்?

அவர்கள் என்றால் யார்? அதுதான் இருக்கிறதிலேயே கசப்பு. பாதிக்கு மேல் இவர்தான். பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இதே தாமோதரன். அந்தப் பதினோரு பிரசவமும் இவர் கையில்தான் நடந்தது. அவருக்கு ஞாபகம் இல்லை. கூட்டத்தில் கத்தின நூறு பேரில் ஒருத்தியை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு முகம் கிடையாது, தொண்டை மட்டும்தான். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! கெட்டவரில்லை. வகுப்பில் சேர வந்த அன்றைக்கு, இந்த வயதில் எதற்கம்மா என்று கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டவர். மைக்கின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமல் அவள் திருப்பி மாட்டிவிட்டு, குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதே என்று முழித்தபோது, தாடிகளைச் சிரிக்கவிடாமல் அதட்டியவர். அன்றைக்கு அவர் கேட்டார், நிஜமான இரக்கத்தோடு கேட்டார்: “உங்க குரலுக்கு என்னம்மா ஆச்சு?” “கத்திக் கத்திப் போயிருச்சு சார்.” “த்சொ. பாத்து இருந்திருக்கணும்மா.” பாத்து இருந்திருக்கணுமாம். அப்போது அதுவும் நியாயம் என்றுதான் தலையாட்டினாள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அந்த வாக்கியம் குளிக்கும்போது வந்தது, காய் நறுக்கும்போது வந்தது, மகள் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கக் காதில் இதுவே ஓடியது. யார் பாத்து இருந்திருக்கணும்? எத்தனையோ தடவை வகுப்பு முடிந்ததும் நின்று கேட்டுவிடலாம் என்று நினைத்தாள், சார், பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரசவ சீன் ஞாபகமிருக்கா என்று. ஒவ்வொரு தடவையும் பையை எடுத்துக்கொண்டு, “வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நாற்காலி வேண்டும். கோபப்பட்டால் நாற்காலி கிடைக்காது. முதலில் நாற்காலி, அப்புறம் கோபம் என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டாள், தட்டிக்கொடுக்கத் தட்டிக்கொடுக்கக் கோபம் கொழுத்தது.

சோபா கிரீச்சிட்டது. சட்டையில் ஜவ்வாது வாசனை பக்கத்தில் வந்தது. “என்னம்மா நீங்க, இவ்ளோ கீழ வெச்சிருக்கீங்க, தெரச்சீலைக்குப் பின்னாடி கத்துற மாதிரி இருக்கு. கதிரவன் சார் என்ன நெனப்பாரு?” அவள் தலையைத் திருப்பாமல், “சார், டெஸ்ட்டுக்குப் பாதிதான் குடுத்திருக்காங்க. டேக்ல ஏறும்” என்றாள். “ஏறட்டுமே. முப்பது வருஷமா இதுதான் பண்றேன்.” கை நீண்டு வந்தது. மோதிரம் போட்ட விரல், அவளுடைய விரலை மெதுவாகத் தள்ளிவிட்டு, மிருதுவாகத்தான், திருகைப் பிடித்து ஏற்றியது. ஒரு விரல்கடை. “இப்ப பாருங்க. இதுதான் லெவல்” என்றுவிட்டுச் சோபாவுக்குத் திரும்பினார். அவள் விட்டுவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் தாமோதரன் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். திருப்பி இறக்கியிருக்கலாம். சார், நீங்களே சொன்னீங்களே, பொங்க எடம் விடணும்னு, என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, தென்காசிப் பாய் வந்து நின்றது, மகளின் பள்ளிக்கூடம் வந்து நின்றது. தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களை இத்தனை நாள் வைதாய், இப்போது தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு என்ன பெயர்? ஒருவேளை உடையாமல் போகலாம். ஒருவேளை இந்தப் பெண் நிஜமாகவே இவ்வளவுதான் கத்துவாள். கோமதியம்மனே, இவள் சின்னதாகக் கத்தட்டும். சின்னதாகக் கத்து தாயே, பாதியே போதும், அந்த நடிகைக்கு அவ்வளவுதான் மரியாதை. “ரெடிங்களா?” என்று கேட்டாள் பொத்தானை அழுத்தி. கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரல் உயர்ந்தது. படம் ஓடியது. தெருமுனை, பைக், லாரியின் மூக்கு. ஜெபராணி கண்ணை மூடினாள், இரண்டு கையும் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தன, தோள் ஏறியது, மூச்சு உள்ளே போவதை உலகம்மாள் கண்ணால் பார்த்தாள். இது பாதி இல்லை, இது முழுசு என்று அந்த மூச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கத்தல் வந்தது. ஐயோ இல்லை, அம்மா இல்லை, வார்த்தையே இல்லை. எத்தனை பேர் கத்தி உலகம்மாள் கேட்டிருக்கிறாள், தானே எத்தனை கத்தியிருக்கிறாள், இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் தெருவில் நின்று கத்துகிறாள், அவ்வளவுதான், அதற்கு மேல் நடிப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அந்தக் கத்தலின் உச்சியில் மீட்டர் சிவந்தது. ஸ்பீக்கரில் தகரம் கிழிந்தது. திரையில் அலை ஏறி ஏறிப் போய் மேலே முட்டி, தலைதலையாக வெட்டுப்பட்டுத் தட்டையாக ஓடியது. அந்தப் பக்கம் ஜெபராணி முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தபோது மூக்குநுனி சிவந்திருந்தது, நல்லாக் கொடுத்துவிட்டோம் என்கிற நிம்மதியோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உலகம்மாளுக்குத் தெரியும். முதல் டேக் முடிந்ததும் அவளும் அப்படிச் சிரிப்பாள், அடுத்த நிமிஷம் அது உதட்டிலேயே செத்துப்போகும். போனிலிருந்து தலையைத் தூக்கிய கதிரவன், “என்ன சார், கரகரங்குது?” என்றான். தாமோதரன் உச்சுக்கொட்டினார். “வாய்ஸ் உடைஞ்சிருச்சு. உச்சத்துல நிக்க மாட்டேங்குது. புதுசு இல்லையா.” அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பொய் சொல்கிறோம் என்கிற உறுத்தல் துளிகூட அந்தக் குரலில் இல்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்தது, தன் கை திருகைத் தொட்டதே அவருக்கு மறந்துபோயிருந்தது. “உடையுதுன்னு சொல்லி ஒன் மோர் கேளுங்கம்மா. மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லுங்க.” தண்ணி குடிக்கச் சொல்லுங்க. இரக்கம் வேறு. அந்தக் கத்தல் போய்விட்டது. இனி அது வராது, அவளுக்குத் தெரியும், இனி வருவதெல்லாம் வெறும் சத்தம், இரண்டாவது, மூன்றாவது, ஆறாவதில் இரும்பு ருசி, சாரி சார், சாரி சார். நாற்காலி, நாற்காலி என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தை, உடைஞ்சிருச்சு என்று சொல்லிவிட்டு, அடுத்த டேக்குக்கு அவர் பார்க்காதபோது திருகை இறக்கிவிடு, யாருக்கும் நஷ்டமில்லை, திங்கட்கிழமை உன்னுடையது. எவ்வளவு நல்ல யோசனை! இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒவ்வொருவனும் முதல்நாள் இந்த யோசனையைத்தான் யோசித்திருப்பான். டாக்பேக் பொத்தானை அவள் அழுத்தினாள்.

“ஜெபராணி. உங்க குரல் உடையலம்மா. ரொம்ப நல்லா வந்துச்சு. நாங்கதான் இங்க கெயினக் கூட வெச்சுக் கெடுத்துட்டோம். தப்பு எங்க பக்கம்.”

காய்ப்பு விழுந்த குரல், பாதிதான் வெளியே வந்தது. வந்தது போதுமானதாக இருந்தது. பின்னால் சோபா கிரீச்சிட்டது.

“என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களாம்மா?”

“தெரிஞ்சுதான் சார்.”

பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தாள். அவர் கேட்டதும் அவள் சொன்னதும் அப்படியே அந்தப் பக்கம் போனது. கதிரவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். உலகம்மாள் தாமோதரனின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. “எந்திரிங்க. நான் பாத்துக்கறேன்” என்றார் அவர், மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி. உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. மறு கையை நீட்டித் திருகை ஒரு விரல்கடை இறக்கினாள், இன்னும் அரை விரல்கடை இறக்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராணி ஆடாமல் அசையாமல் நின்றாள். சிரிப்பு போய்விட்டது. ஒரு கை மெதுவாக ஏறிக் கழுத்துத் துப்பட்டாவுக்குள் போய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய மைக் திறந்தே இருந்தது. அவள் எச்சில் விழுங்குகிற சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்டது.

“அக்கா.”

“சொல்லும்மா.”

“போன வாரம் அந்தத் தீப்புடிக்கிற சீன்ல, ஒம்போது தடவ உடைஞ்சுதுன்னு சொன்னாங்களே?”

உலகம்மாள் பொத்தானை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

“அதுவும் நாங்கதாம்மா.”